பழைய கிளாரினெட் மவுத்பீஸ்: அப்படியே வாசிப்பதா, ராவிச் சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

பழைய கிளாரினெட் மவுத்பீஸ், அதாவது வாயில் வைத்து ஊதுகிற முனைப் பகுதி, ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் தேடுவது அதில் என்ன பெயர் அடித்திருக்கிறது என்றுதான். பெயர் இருந்தால் அது வெளிநாட்டில் என்ன விலைக்குப் போகிறது என்று செல்போனில் தட்டிப் பார்க்கிறோம், அதோடு மதிப்பீடு முடிந்துவிடுகிறது. பெயர் இல்லாவிட்டால் பெட்டிக்கு அடியில் போய்விடுகிறது. இரண்டுமே அவசரம் என்பது என் கட்சி. பெயர் விலையைச் சொல்லும். வாசிக்க உதவுமா என்பதைச் சொல்வது நுனியும், ரீடு என்கிற நாணல் பட்டை படிகிற விளிம்பும், உள்துளையும்தான், அவற்றை அளந்து பார்க்க சேலத்தில் கிடைக்கிற சாமான்களே போதும்.

விஷயம் இதுதான். என் அக்கா மகள் ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பள்ளிப் பேண்டில் கிளாரினெட். வாத்தியம் சாதாரணமாகப் புழங்குகிற பி-பிளாட் சுருதி, போம் சிஸ்டம் என்கிற சாவி அமைப்பு, ஃபிரெஞ்சு வகைத் துளை. அதோடு வந்த பிளாஸ்டிக் மவுத்பீஸின் நுனி உடைந்துவிட்டது. அவளுடைய அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பேண்டு செட்டில் வாசித்தவர். அவர் பெட்டியில் மூன்று மவுத்பீஸ் இருந்தது. ஒன்று பெயரே இல்லாத கறுப்பு எபோனைட். இன்னொன்று ‘போஸி அண்ட் ஹாக்ஸ்’ என்று தெளிவாக அடித்தது. மூன்றாவது கண்ணாடி. இவற்றில் ஒன்றை அவள் எடுத்துக்கொள்வதா, ஒன்றைச் சரிசெய்வதா, அல்லது இதெல்லாம் வேண்டாம் என்று யமஹா கம்பெனியின் 4சி மவுத்பீஸ் ஒன்றைப் புதிதாக வாங்கிக் கொடுத்துவிடுவதா? லீவுக்குச் சேலம் வரும்போது கர்நாடக சங்கீத வர்ணமும் கற்றுக்கொள்கிறாள் என்பதால் கேள்வி இன்னும் கொஞ்சம் சிக்கலாகிறது.

முதலில் அது கிளாரினெட்டுடையதுதானா

சிரிக்காதீர்கள். பழைய பேண்டு செட் பெட்டிகளில் சாக்ஸபோன் மவுத்பீஸும் கலந்து கிடக்கும். கிளாரினெட் மவுத்பீஸுக்கு அடியில் கார்க் சுற்றிய கழுத்து இருக்கும், அது பேரல் என்கிற, வாத்தியத்தின் மேல்முனைத் துண்டுக்குள் நுழையும். சாக்ஸபோனில் கார்க் வாத்தியத்தின் கழுத்தில் இருக்கும், மவுத்பீஸ் அதன் மேல் சொருகும், மவுத்பீஸில் கார்க் இருக்காது. அடுத்தது நீளம். பி-பிளாட் மவுத்பீஸ் சுமார் 9 செ.மீ. அதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு குட்டையாக இருந்தால் ஈ-பிளாட் கிளாரினெட்டுடையதாக இருக்கலாம். ஏ கிளாரினெட்டுக்கும் பி-பிளாட்டுக்கும் மவுத்பீஸ் ஒன்றே. வெளிப்புறத்தில் சுற்றிலும் கோடு கோடாகப் பள்ளம் இருந்தால் அது ஜெர்மன் வகை, ரீடைக் கயிற்றால் கட்டுவார்கள். அதற்கு ரீடின் அகலமே வேறு. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ரீடு அதில் சரியாக உட்காராது.

எங்கள் மூன்றும் பி-பிளாட் வகைதான். சரி, மேலே போவோம்.

என்ன பொருள்

கறுப்பாக இருப்பதெல்லாம் எபோனைட் இல்லை, பிளாஸ்டிக்கும் கறுப்புதான். எபோனைட் என்பது கந்தகம் அதிகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த பொருள், இன்றும் நல்ல மவுத்பீஸ்கள் இதில்தான் கடையப்படுகின்றன. கட்டைவிரலால் ஒரே இடத்தில் வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் லேசாகக் கந்தக வாடை வரும். வெளிச்சம் பட்டுப் பட்டு மேல்பரப்பு பச்சையும் பழுப்பும் கலந்த நிறமாக மாறியிருக்கும். அப்பாரு பெட்டியில் இன்னொரு தடயமும் இருந்தது: எபோனைட்டோடு சேர்ந்து கிடந்த வெள்ளி முலாம் பூசிய, ரீடை இறுக்கிப் பிடிக்கிற லிகேச்சர் கன்னங்கரேலென்று போயிருந்தது. கொலுசுப் பட்டறை நடக்கிற ஊரில் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை, கந்தகக் காற்று பட்டால் வெள்ளி கறுக்கும். வெள்ளி சும்மா கிடந்தாலும் கறுக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது, வாடையோடும் நிறத்தோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சிலர் சூடு பண்ணிய ஊசியைக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். பொருள் என்னவென்று தெரிந்துவிடும், அதற்குள் மவுத்பீஸில் ஓட்டை விழுந்திருக்கும். கொதிக்கிற தண்ணீரில் போட்டுச் சுத்தம் பண்ணுவதும் அதே கதைதான். எபோனைட் வெந்நீர் பட்டால் நிறம் மாறும், அதிகச் சூட்டில் நெளிந்தும் போகும். மே மாத வெயிலில் அஸ்தம்பட்டியில் நிறுத்திய காருக்குள் வாத்தியப் பெட்டியை விட்டுவிட்டுப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நிறம் மாறியதால் சத்தம் கெடாது. வாயில் வைத்தால் லேசான கசப்பு இருக்கும். பச்சைத் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். உள்ளே வெள்ளையாகப் படிந்திருப்பது எச்சிலில் இருந்து வந்த சுண்ணாம்புப் படிவு. எலுமிச்சைச் சாற்றில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பஞ்சில் தொட்டு, படிவின் மேல் மட்டும் சில நிமிடம் வைத்தால் இளகும். ஊக்கு, பிளேடு எதையும் கிட்டக் கொண்டுவரக் கூடாது. அந்தப் படிவு விளிம்பில் இருக்கும்போதே அளந்தால் அளவும் பொய்யாகும், அதனால் சுத்தம் முதலில், அளவு அப்புறம்.

முத்திரை சொல்வதும் சொல்லாததும்

மவுத்பீஸ் வியாபாரத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரு பட்டறை கச்சா வார்ப்புகளைச் செய்து கொடுக்கும். இன்னொரு கம்பெனி அதை வாங்கித் தன் பெயரை அடித்து விற்கும். அமெரிக்காவில் எல்க்ஹார்ட்டில் பாபிட், ஜெர்மனியில் ஸின்னர், பாரிஸில் ஷெட்வில் என்று பல பேர் செய்து கொடுத்ததில் யார் யாரோ பெயர் அடித்திருக்கிறார்கள். அதனால் முத்திரை பல சமயம் விற்றவரின் பெயர்தான், கடைந்தவரின் பெயர் இல்லை. அதற்குப் பிறகு யாராவது ஒரு வித்வான் தன் வாய்க்கு ஏற்ப நுனியை ராவியிருந்தால் கடைந்தவர் வேலையும் அதில் மிச்சமில்லை. பழைய அசல் ஷெட்வில், காஸ்பர் போன்றவை வெளிநாட்டில் பெரிய விலைக்குப் போவது உண்மைதான். ஆனால் அந்தப் பெயர் இருப்பது ஒன்று, அந்தக் கைவேலை அதில் இன்னும் இருப்பது வேறொன்று.

சேலத்துக்கென்று ஒரு தனி முத்திரையும் உண்டு, அது வாயால் அடிப்பது. விற்கிறவர் “இது மாடர்ன் தியேட்டர்ஸ் ஆர்க்கெஸ்ட்ராவுல வாசிச்சதுங்க” என்பார். ஏற்காடு ரோட்டில் டி.ஆர்.சுந்தரம் நடத்திய அந்த ஸ்டுடியோவின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது, ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் மேல் ஒரு பாசம் உண்டு. பாசத்துக்குப் பணம் கொடுப்பது அவரவர் இஷ்டம். கையெழுத்தோ போட்டோவோ இல்லாத இந்த மாதிரிக் கதைக்கு நான் ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க மாட்டேன்.

எங்கள் கதையில் பெயர் பெற்றது போஸி அண்ட் ஹாக்ஸ். 1930இல் இரண்டு கம்பெனிகள் இணைந்து உருவான லண்டன் நிறுவனம். பேண்டு வாத்தியக்காரர்கள் மத்தியில் அந்தப் பெயருக்கு இருந்த மவுசு பழைய ஆட்களுக்குத் தெரியும். அக்கா வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்ததுமே, “அப்பா இதை யாரையும் தொடக்கூட விடமாட்டாரு” என்று அதைத்தான் எடுத்து நீட்டினார். பெயர் இல்லாத எபோனைட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உள்துளை என்ற சல்லடை

அந்த அழகான மவுத்பீஸ் அவளுக்கு ஆகாது என்று முடிவானது உள்துளையை அளந்தபோதுதான். போஸி அண்ட் ஹாக்ஸில் 1010 என்று ஒரு புகழ்பெற்ற மாடல் உண்டு. ஜாக் பிரைமர் போன்ற ஆங்கிலேயக் கிளாரினெட் கலைஞர்கள் வாசித்தது. அதன் துளை அகலம், சுமார் 15.2 மி.மீ. அதற்கான மவுத்பீஸின் உள்துளையும் அதே அகலத்தில் மேலிருந்து கீழ்வரை நேராக, குழாய் மாதிரி போகும். ஃபிரெஞ்சு வகை மவுத்பீஸில் அடியில் 15 மி.மீ. அளவில் தொடங்கும் துளை மேலே போகப் போகக் குறுகும்.

இதைக் கண்டுபிடிக்க லேத் பட்டறையில் 15 மி.மீ. தடிமனுக்கு ஒரு மரக்குச்சியையோ நைலான் கம்பியையோ கடைந்து தரச் சொன்னால் போதும். கூர்முனை இருக்கக் கூடாது, ஓரத்தை மழுக்கச் சொல்லுங்கள். அடியிலிருந்து விட்டுப் பாருங்கள், அழுத்த வேண்டாம். பெயர் இல்லாத எபோனைட்டில் குச்சி வாசலிலேயே நின்றுவிட்டது. போஸியில் தங்கு தடையில்லாமல் உள்ளே போய், மேலே இருக்கும் அறை போன்ற வெற்றிடத்தின் அடியில்தான் முட்டியது. அதாவது இது 1010 வகை அகலத் துளை வாத்தியத்துக்கானது. அப்பாருவிடம் ஒரு காலத்தில் அப்படி ஒரு கிளாரினெட் இருந்திருக்க வேண்டும். வாத்தியம் எப்போதோ கைமாறிவிட்டது, வாய் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

துளை பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? கிளாரினெட்டின் குணம் மற்ற குழல்கள் மாதிரி இல்லை. கீழ் ஸ்தாயியில் ஒரு ஸ பிடித்து ஸ்தாயி மாற்றுகிற ரெஜிஸ்டர் கீயைத் திறந்தால் அடுத்த ஸ வராது, அதையும் தாண்டி ப வரும். இந்த ஸ-ப இடைவெளி வாத்தியத்தின் எல்லா இடத்திலும் சுத்தமாக வருவதற்கு மவுத்பீஸின் உள் கொள்ளளவும் வாத்தியத்தின் துளையும் ஒத்துப்போக வேண்டும். பொருந்தாத மவுத்பீஸில் கீழ் ஸ்வரங்களைச் சுருதிக்கு இழுத்துச் சரிசெய்தால் மேலே உள்ளவை விலகிப்போகும், மேலே சரிசெய்தால் கீழே விலகும். பேரலை எவ்வளவு இழுத்தாலும் தீராது. கமகம் போட்டு மறைக்கலாம் என்று யாராவது சொன்னால், அசைவில்லாமல் நிற்கும் ஸவிலும் பவிலும் என்ன பண்ணுவார் என்று கேளுங்கள்.

அதனால் போஸி போட்டியிலிருந்து விலகிவிட்டது. விளிம்பு, நுனி எல்லாமே மூன்றிலும் இதில்தான் சுத்தம். இருந்தும் அவளுக்கு உபயோகமில்லை.

பிரிட்டிஷ் பழசு என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த நாட்டு ராணுவ பேண்டுகள் 1920களின் கடைசிவரை ஏ ஸ்வரத்துக்கு நொடிக்கு 452 அதிர்வு சொச்சம் என்ற உயர்ந்த சுருதியில் வாசித்தன. இன்றைய 440ஐவிட இது ஏறத்தாழ அரை ஸ்வரத்தில் பாதி அதிகம். அந்தக் கால வாத்தியத்துக்கான மவுத்பீஸை இன்றைய கிளாரினெட்டில் போட்டால் சுருதி ஏறி நிற்க வாய்ப்புண்டு. மவுத்பீஸ் நல்லதாகவே இருந்தாலும் மேடையில் உதவாது.

லாரி மெக்கானிக்கின் சாமான்

நுனியையும் விளிம்பையும் அளக்க 1930கள், 40களில் எரிக் பிராண்டு என்பவர் அமெரிக்காவில் பரப்பிய முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. விளிம்பு நுனியை நோக்கி லேசாக வளைந்து விலகும் இடத்தில், மெல்லிய எஃகுத் தகடுகளை மவுத்பீஸுக்கும் ஒரு தட்டைக் கண்ணாடிக்கும் நடுவே விட்டு, எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று பார்ப்பது. அவர் வைத்த தடிமன்கள் அங்குலக் கணக்கில் 0.0015, 0.010, 0.024, 0.034. இதற்கென்றே செய்த செட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டிய அவசியம் இல்லை. லாரி மெக்கானிக்குகள் டேப்பெட் கிளியரன்ஸ் பார்க்கிற ஃபீலர் கேஜ் இருக்கிறதே, அதில் 0.05 முதல் 1.00 மி.மீ. வரை 0.05 இடைவெளியில் 20 தகடு வருகிற செட் போதும். 0.05, 0.25, 0.60, 0.85 தகடுகள் பிராண்டு அளவுகளுக்கு மிக அருகில் வந்துவிடும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புதிதாக வாங்குங்கள். பட்டறையில் புழங்கியதில் கிரீஸும் பிசிறும் இருக்கும், எபோனைட் விளிம்பில் கோடு விழுந்துவிடும்.

கண்ணாடிக்குப் படம் சட்டம் போடுகிற கடையில் தடிமனான ஒரு துண்டு கேளுங்கள், ஓரம் தேய்த்தது. அரை மி.மீ. கோடு போட்ட அளவுகோலை ஜெராக்ஸ் கடையில் டிரான்ஸ்பரன்சி ஷீட்டில் அச்செடுத்து, கண்ணாடியில் மவுத்பீஸ் படாத பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். மவுத்பீஸின் ரீடு உட்காருகிற பக்கம் கண்ணாடியில் படிய, நுனி பூஜ்யக் கோட்டில் நிற்க வேண்டும். 0.05 தகட்டை நுனிப் பக்கத்திலிருந்து மெதுவாக விடுங்கள். அது தானாக நிற்கிற இடத்தைப் படியுங்கள், தள்ளாதீர்கள். இடது விளிம்பு, வலது விளிம்பு இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். தகடு நேராக நிற்காமல் கோணலாக நின்றால் ஒரு விளிம்பு மற்றதைவிடத் தேய்ந்திருக்கிறது.

பெயர் இல்லாத எபோனைட்டில் 0.05 தகடு இடதில் 18 மி.மீ., வலதில் 17. 0.25 இரண்டு பக்கமும் 11.5. 0.60 இடதில் 6, வலதில் 5.5. 0.85 இரண்டிலும் 3. நுனிக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள நுனித் திறப்பில் 1.00 தகடு உரசிக்கொண்டு போனது, அதோடு 0.05 சேர்த்தால் போகவில்லை. அப்படியானால் திறப்பு 1 மி.மீ.க்குச் சற்று மேல். வலது விளிம்பு லேசாக முந்துகிறது, ஆனால் நடுவில் இரண்டும் சேர்ந்துவிடுகின்றன. இது மோசமே இல்லை. பேண்டு செட்டில் எத்தனையோ ஊர்வலம் பார்த்த மவுத்பீஸுக்கு நான் இன்னும் அதிகத் தேய்மானத்தை எதிர்பார்த்தேன்.

ஒப்பிட இன்றைய அளவுகள் சிலவற்றைச் சொல்கிறேன். யமஹா 4சி 1.05 மி.மீ. ஃபிரெஞ்சுக் கம்பெனி வாண்டோரனின் எம்15 1.035, பி45 1.195. ஆக இந்தப் பெயரில்லாத எபோனைட் 4சிக்கும் எம்15க்கும் பக்கத்து வீடு. திறப்பு குறைந்த மூடிய வகை, 3 அல்லது 3.5 எண் ரீடு கேட்கும், எண் ஏற ஏற ரீடு கெட்டி.

கண்ணாடி மவுத்பீஸின் திறப்பு 1.15. விளிம்புகள் இரண்டும் ஒரே மாதிரி, கண்ணாடி தேயாது, நெளியாது என்பதால் அது ஆச்சரியமில்லை. சேதம் நுனியில். வெள்ளிப் பட்டறைக்காரர் கண்ணில் மாட்டுகிற லென்ஸைக் கடன் வாங்கிப் பார்த்தபோது நுனி விளிம்பில் அரைக் கடுகளவு பெயர்ந்திருந்தது தெரிந்தது. விரல் நகத்தை ஓட்டினால் சிக்கும், வெறும் கண்ணுக்குத் தப்பிவிடும். ரீடு மூடும்போது அந்த இடத்தில் காற்று கசியும், கீச்சென்று கத்தும்.

ஊதிப் பார்க்கும்போது

அளவு பார்த்த பிறகு உறிஞ்சிப் பார்க்க வேண்டும். நல்ல ரீடு ஒன்றை நனைத்து மாட்டி, கார்க் பக்கத்து வாயை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, நுனியை வாயில் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுங்கள். வாயை விலக்கினாலும் ரீடு ஓரிரு வினாடி மூடியே நின்று, அப்புறம் ‘டப்’பென்று திறந்தால் விளிம்பும் ரீடும் கச்சிதமாகச் சேர்கின்றன. உடனே திறந்தால் கசிவு. அதற்கு ரீடு நெளிந்திருப்பதும் காரணமாகலாம், அதனால் இரண்டு மூன்று ரீடில் பார்த்துவிட்டுத்தான் மவுத்பீஸைக் குறை சொல்ல வேண்டும். எபோனைட் நின்றது. கண்ணாடி ஒரு ரீடிலும் நிற்கவில்லை.

சுருதி பார்க்கிற இடம் முக்கியம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். டிசம்பர் காலையில் அங்கே டியூனரை வைத்துக்கொண்டு ஊதினால் எந்த மவுத்பீஸும் இறங்கித்தான் பேசும். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். சேலத்தில் 35 டிகிரி, மலையில் 18 டிகிரி என்றால் கணக்குப்படி அரை ஸ்வரத்தில் பாதி வித்தியாசம் வரும். மூச்சு வாத்தியத்துக்குள் சூடேற்றுவதால் நடைமுறையில் அவ்வளவு வராது, ஆனால் ஒரு மவுத்பீஸைத் தள்ளிவிடப் போதுமான அளவு வரும். இருபது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று ஊதிவிட்டு ஒப்பிடக் கூடாது. ஒரே அறையில், ஒரே வாத்தியத்தில், பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகு, மவுத்பீஸை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

ராவுவதா வேண்டாமா

வலது விளிம்பு ஒரு மி.மீ. முந்துகிறதே, அதை ராவிச் சமன்படுத்திவிடலாமே என்பது நியாயமான கேள்வி. மெல்லிய உப்புத்தாளைக் கண்ணாடி மேல் விரித்து, தேய்த்துத் தேய்த்து அளந்து பார்க்கிற வேலை. தெரிந்தவர் கையில் அற்புதம் நடக்கும். ஆனால் எபோனைட்டில் எடுத்த பொடியைத் திரும்ப வைக்க முடியாது. ரீடு உட்காரும் தளத்தைச் சமன் செய்கிறேன் என்று தேய்த்தால் நுனித் திறப்பும் குறைந்துகொண்டே போகும், வளைவின் நீளமும் சுருங்கும். பழைய ஃபிரெஞ்சு மவுத்பீஸ் சிலவற்றில் அந்தத் தளத்தின் நடுவே வேண்டுமென்றே சின்னக் குழிவு விட்டிருப்பார்கள். கண்ணாடியில் வைத்துப் பார்த்து வெளிச்சம் தெரிகிறது என்று அதைத் தேய்த்துவிட்டால் கடைந்தவர் செய்த வேலையையே அழித்ததாகும்.

என் அளவுகோல் இது: உறிஞ்சிப் பார்க்கையில் நின்று, ஸ-ப சரியாக இருந்து, ஊதும்போது கீச்சு இல்லாவிட்டால் அளவில் தெரிகிற சிறு குறைக்காக ராவ வேண்டாம். உறிஞ்சலில் நிற்காமல், உள்துளையும் வாத்தியத்தோடு பொருந்தி, அதோடு மவுத்பீஸுக்கு மதிப்பும் இருந்தால் மட்டுமே ஒரு கைதேர்ந்தவரிடம் கொடுக்கலாம். அப்போதும் ராவுவதற்கு முன் அளவுகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைசலுக்கும் மெருகுக்கும் பேர்போன கைகள் நம் ஊரில் நிறைய உண்டு, இருந்தாலும் கொலுசுக்கு மெருகு போடுகிறவரிடம் இதைக் கொடுத்துவிடாதீர்கள். பளபளவென்று திரும்பி வரும், விளிம்பு இருக்காது. கண்ணாடியை ராவுவது இன்னும் கடினம், அதற்கான உராய்வுப் பொருளே வேறு, கொஞ்சம் கை தவறினால் இன்னொரு துண்டு பெயரும்.

புதிது வாங்கினால்

4சியை எனக்குப் பிடிக்கும். விலை அடக்கம், அளவு ஒன்றுக்கொன்று அதிகம் மாறாது, உடைந்தால் அதேபோல இன்னொன்று வாங்கலாம். விடுதி அலமாரி, பேண்டு அணிவகுப்பு, மழை எல்லாவற்றுக்கும் தாங்கும். குறை என்று சொன்னால் குரலில் ஒரு தட்டைத்தன்மை, கொஞ்சம் வாசிக்கத் தெரிந்த பிறகு அது உறுத்தும். வாண்டோரன் பல மடங்கு விலை. பி45 மாதிரித் திறந்த வகை 2.5 ரீடோடு உதட்டுக்கு நிறைய இடம் கொடுக்கும். ஸ்வரத்தை வளைத்து இழுக்கிற நம் சங்கீதத்துக்கு அது வசதி. அதே வசதி பள்ளிப் பேண்டில் தொல்லை, உதடு பழகாத பிள்ளை நீண்ட ஸ்வரத்தை நேராகப் பிடிக்கத் தடுமாறும். மூடிய வகை இதற்கு நேர்மாறு, ஸ்வரம் அசையாமல் நிற்கும், கமகத்துக்கு அதிகம் பாடுபட வேண்டும்.

நம் சங்கீதத்தில் கிளாரினெட் 19ஆம் நூற்றாண்டிலேயே சதிர் என்ற அந்தக் கால நாட்டியக் கச்சேரியில் நுழைந்துவிட்டது. 2008இல் சங்கீத கலாநிதி பெற்ற ஏ.கே.சி.நடராஜன் வாசித்துக் கேட்டவர்களுக்கு அந்த வாத்தியத்தில் என்னவெல்லாம் முடியும் என்று தெரியும். அதைக் கேட்டுவிட்டு அவர் மாதிரி மவுத்பீஸ் வேண்டும் என்று தேடி அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் வாயும் மூச்சும் கடையில் கிடைக்காது. வர்ணம் படிக்கிற நிலையில் இருக்கிற பிள்ளைக்கு நான் திறந்த வகையைச் சிபாரிசு செய்யமாட்டேன், அது பின்னால் வரட்டும்.

கடைசியில் எடுத்த முடிவு

பெயர் இல்லாத எபோனைட்டை அப்படியே வாசிக்க எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ராவ வேண்டாம். கார்க் மட்டும் காய்ந்து உதிர்ந்திருந்தது, அதை மாற்றி கார்க் கிரீஸ் தடவினால் போதும். வாய் படுகிற மேல்பக்கத்தில் அப்பாரு பல் பதிந்த பள்ளம் இரண்டு இருக்கிறது, அதனால் சத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை, உறுத்தினால் மேலே ஒட்டுகிற ரப்பர் பட்டை கிடைக்கிறது. அவளுக்குத் திருப்தி இல்லை. “மாமா, பேரே இல்லாததப் போயி வாசிக்கச் சொல்றீங்களே, அப்பாரு போஸிய எவ்வளவு பத்திரமா வெச்சிருந்தாரு!” என்றாள். இரண்டையும் அவள் கிளாரினெட்டிலேயே மாட்டி, கீழ் ஸவும் மேல் பவும் ஊதி, தம்புரா ஆப்பை ஓடவிட்டுக் கேட்கச் சொன்னேன். போஸியில் ப இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பதை அவளே கண்டுபிடித்துவிட்டாள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

அதோடு ஒரு 4சியும் வாங்கச் சொன்னேன். இரண்டின் திறப்பும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் ஒரே எண் ரீடு இரண்டுக்கும் ஒத்துவரும், மாற்றி மாற்றி வாசித்தாலும் உதடு குழம்பாது. அணிவகுப்புக்கும் மழைக்கும் 4சி, பயிற்சிக்கும் மேடைக்கும் எபோனைட். எபோனைட்டின் உறிஞ்சல் நிற்காமல் போயிருந்தால் யோசிக்காமல் 4சி மட்டும் போதும் என்றிருப்பேன். பி45 இன்னும் சில வருஷம் கழித்து, வர்ணம் தாண்டி ராகம் வாசிக்கிற நிலை வரும்போது பார்க்கலாம்.

போஸியை என்ன செய்வது என்பதில்தான் வீட்டில் பேச்சு நீண்டது. விற்கலாம், 1010 வாத்தியம் வைத்திருப்பவருக்கு அது தேவைப்படும், உள்துளை அளவையும் நுனி அளவையும் போட்டோவோடு சேர்த்துச் சொன்னால் கேட்பவருக்கும் நம்பிக்கை வரும். அக்கா வீட்டுக்காரருக்கு விற்க மனசில்லை. வைத்துக்கொள்வதாக இருந்தால் வெயில் படாத இடத்தில், வெள்ளி லிகேச்சரைக் கழற்றித் தனியே சுற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடியைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி அதே பெட்டியில் போட்டாயிற்று. எபோனைட்டுக்கு 3 எண் ரீடு ஒரு பெட்டி வாங்கியிருக்கிறாள், கெட்டியாகத் தோன்றாவிட்டால் அடுத்த பெட்டி 3.5.